ஊர்ச் சுவரில் திருநர் வரலாறு வரையப் போகிறீர்களா? பெயின்ற் கடைக்குப் பிறகு போகலாம்

கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ திருநரோடு, அதாவது திருநங்கைகளோடும், பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்கிற திருநம்பிகளோடும் சேர்ந்து ஒரு பொதுச் சுவரில் அவர்களுடைய வரலாற்றை வரைய நினைக்கிற ஓவியர்களுக்காக இதை எழுதுகிறேன். 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களில் வரையக் கிளம்பினார்களே, அரசர்கள், வீரர்கள், யானைகள் என்று, அந்த வேகத்தில் இதைச் செய்ய முடியாது. காரணம் ஒன்றுதான். அரசனை வரைந்தால் அவன் மறுநாள் அந்தச் சுவரைக் கடந்து மரக்கறி வாங்கப் போகப்போவதில்லை, ஆனால் நீங்கள் வரையப்போகிற அக்கா போவார்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முகங்களை வரையாதீர்கள். சுவரோவியம் என்றாலே பெரிய முகம் என்று ஆகிவிட்டது. இன்ஸ்டாகிராமில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்முனை, அக்கரைப்பற்று, ஏறாவூர் மாதிரி இடங்களில் ஒருவரை ஊருக்கே தெரியும், குடும்பத்தையும் தெரியும், வாடகை வீட்டுக்காரரையும் தெரியும். முகம் வேண்டும் என்று அவரே கேட்டால் அது வேறு கதை, அப்போதும் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.

முகம் இல்லாமல் எப்படி வரலாறு சொல்வது என்று கேட்பீர்கள். பொருட்களால் சொல்லலாம். அமெரிக்காவில் கிறிஸ் வார்காஸ் என்ற கலைஞர் 2013 இல் திருநர் வரலாற்றுக்கும் கலைக்கும் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். அதற்குக் கட்டடம் கிடையாது, அவர் போகிற இடமெல்லாம் அருங்காட்சியகம்தான். பிறகு 99 பொருட்களைக் கொண்டு திருநர் வரலாற்றைச் சொல்கிற ஒரு கண்காட்சித் தொடரையும் நடத்தினார். நமக்கு இந்த வழி நன்றாகப் பொருந்தும். இங்கே காகிதத்தில் இருப்பது குறைவு. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த அல்பங்கள் கொஞ்சமா? 2004 சுனாமியில் நாவலடி, கல்லடிப் பக்கம் வீடே போனது, படங்களுக்கு எங்கே போவது? ஆனால் ஒரு சீப்பு இருக்கும், முதல் சம்பளத்தில் வாங்கிய தோடு இருக்கும், தைத்துப் பழகிய மெஷின் இருக்கும். பெயர் ஒன்றும் படம் இன்னொன்றுமாக இருக்கிற அடையாள அட்டையும் இருக்கும்.

அந்த அடையாள அட்டையைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம். 2016 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி வைத்தியரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றால் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம், அதைக் காட்டி அடையாள அட்டையையும் மாற்றலாம். அதற்கு முன்பு எப்படி இருந்தது, இந்தக் கடதாசிக்காக எத்தனை அலுவலகப் படி ஏறினார்கள், சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டும்போது என்ன நடந்தது, இதையெல்லாம் கேளுங்கள். 1841 இல் வெள்ளைக்காரன் போட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும், தண்டனைச் சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவான ஆள்மாறாட்டத்தையும் திருநர் மீது பாவித்திருக்கிறார்கள். சட்டத்தின் பெயர் தெரியாதவருக்கும் சம்பவம் ஞாபகம் இருக்கும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வழக்கோ பொலிஸோ சம்பந்தப்பட்ட கதை சுவருக்குப் போகும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

எங்கே தொடங்குவது? கமெராவோடு போகாதீர்கள். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்று பல வருடங்களாக வேலை செய்கிற அமைப்புகளிடம் முதலில் கதையுங்கள், யாரை அணுகலாம், யாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். சந்திக்கிற இடத்தைக் கதை சொல்ல வருகிறவர்களே தெரிவு செய்யட்டும். ஓட்டோக் காசு, சாப்பாடு உங்கள் செலவு. மட்டக்களப்புச் சீலாமுனையில் பழைய கூத்தை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றுகிற கூத்து மீளுருவாக்கம் நடந்தபோது ஆடுகிற ஊராரே உட்கார்ந்து எந்த இடத்தை மாற்றலாம், எதை விடலாம் என்று வாதாடினார்கள். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிற முன்மாதிரி அது. நீங்கள் வரைந்து கொண்டுபோய் "எப்படி அக்கா, நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு மகன்" என்றுதான் பதில் வரும். வெறும் தாளோடு போங்கள்.

ஒலிப்பதிவு செய்தால் பெயர், குரல், கதை மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். கதையைத் தருவார், குரலைத் தரமாட்டார், அது அவர் உரிமை. சுவரில் தூரிகை வைக்கிற நாள் வரைக்கும் யாரும் எதையும் திருப்பி எடுக்கலாம் என்று வாயால் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பதிவின் ஒரு பிரதி அவர்களிடமே இருக்கவேண்டும்.

இந்த இடத்தில் ஓவியர்களுக்கு ஒரு சபலம் வரும். பாரதம் நம் ஊரில் ஊறிய கதை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் வனவாசமும் தீமிதிப்பும் வருடாவருடம் நடக்கிறது, கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுகிறார்கள், பெண்ணாகப் பிறந்து ஆணான சிகண்டி இருக்கிறார், அர்ச்சுனன் மறைந்து வாழ்ந்த பிருகந்நளை வேடம் இருக்கிறது. உடனே அதையெல்லாம் சுவரில் ஏற்றி "இதோ நம் திருநர் மரபு" என்று எழுதத் தோன்றும். வேண்டாம். பெண் வேடம் கட்டிய எல்லாக் கூத்தர்களும் திருநங்கைகள் அல்ல. அதேபோல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் கூடுகிற கூவாகம் திருவிழாவைப் பிடுங்கிவந்து கல்லடியில் நடவும் வேண்டாம், அது அவர்கள் ஊர்த் திருவிழா. கூத்துக் களரியில்தான் முதல்தடவை சேலை உடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் அந்தச் சேலையை வரையுங்கள்.

பொதுக்கலை ஆட்களை விட்டுவிடும் என்பதற்கு நியூயோர்க்கில் ஒரு பாடமே இருக்கிறது. 1969 ஜூன் 28 இல் தன்பாலீர்ப்பாளர்கள் கூடுகிற ஸ்டோன்வோல் மதுக்கடையில் பொலிஸ் புகுந்தபோது வெடித்த எதிர்ப்போடும் அதன் பின்வந்த போராட்டத்தோடும் மார்ஷா ஜோன்சன், சில்வியா ரிவேரா போன்ற, வெள்ளையர் அல்லாத திருநரின் பெயர்கள் சேர்ந்தே வருகின்றன. அதன் நினைவாக எதிரே உள்ள பூங்காவில் 1992 இல் நிறுவப்பட்ட, சிற்பி ஜோர்ஜ் சீகலின் சிலைகளோ வெள்ளை நிறத்தில் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். 2015 இல் செயற்பாட்டாளர்கள் அந்தச் சிலைகளுக்கு மண்ணிறம் பூசிவிட்டார்கள். வார்காஸும் பிறகு பல கலைஞர்களைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று மாதிரிகள் கேட்டுக் காட்சிப்படுத்தினார். உங்கள் சுவருக்கும் இதைச் செய்யுங்கள். ஒரே வரைவோடு நிற்காமல் ஆளுக்கொன்று வரையச் சொல்லி எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள், யார் விடுபட்டிருக்கிறார் என்று உடனே தெரியும். பெரும்பாலும் திருநம்பிகள்தான்.

சரி, சுவர். சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். பொது மதில் என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை, பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் விசாரியுங்கள். மட்டக்களப்புக் கோட்டைப் பக்கம் போகவே வேண்டாம், அது தொல்லியல் சின்னம். கடிதம் கிடைத்த பிறகு எதிரே இருக்கிற தேநீர்க் கடைக்காரரிடமும் ஓட்டோத் தரிப்பிடத்திலும் போய்ச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் சுவரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் அவர்கள்தான்.

சுவர் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் ஆட்களுக்குப் பயம் என்றால் துணியில் வரையுங்கள். மருதமுனைக் கைத்தறியில் தடிப்பான துணியாகப் பார்த்து எடுங்கள், ஒரு பூச்சு பிரைமர் அடித்தால் அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கும். மண்டபத்தில் தொங்கவிடலாம், பிரச்சினை வந்தால் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம். உண்மையைச் சொன்னால் முதல் வேலைக்கு எனக்குத் துணிதான் பிடிக்கும்.

சுவர்தான் என்றால் மாரியில் தொடாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, சுவர் ஈரம் காயாது. மார்ச்சுக்குப் பிறகு தொடங்குங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் பெயின்ற் தூரிகையிலேயே காய்ந்துவிடும், காலை பத்து மணியோடு நிறுத்திவிட்டுப் பின்னேரம் திரும்ப வாருங்கள். வாவிக்கரைச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கழுவிக் காயவிட்டுத்தான் சீலர் அடிக்கவேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சையும் சுரண்டத்தான் வேண்டும், அதன் மேல் எமல்ஷன் அடித்தால் தோலாக உரியும். புதுச் சீமெந்துப் பூச்சென்றால் நான்கு வாரம் பொறுங்கள். வெளிச்சுவர் எமல்ஷன்தான் வாங்கவேண்டும். பளீரென்ற சிவப்பும் ரோஸும் நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், காவிச் சிவப்பும் மண் மஞ்சளும் நிற்கும்.

கட்டம் போட்டு வெளிக்கோட்டை நீங்கள் இழுத்துக்கொடுத்தால் தூரிகை பிடித்திராதவரும் நிரப்பலாம். நிரப்புகிற எல்லோருக்கும் நாட்கூலி கொடுங்கள், மேசனுக்குக் கொடுப்பதற்குக் குறையாமல். "விழிப்புணர்வு" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குகிற பழக்கம் நம் பக்கம் கூடிவிட்டது. ஓவியத்தின் மூலையில் யார் பெயர் வரும், புனைபெயரா, பெயரே வேண்டாமா என்பதையும் அவர்களிடமே விடுங்கள்.

யாராவது கறுப்பு மை ஊற்றினால் என்ன செய்வது என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே பேசிவைக்கவேண்டும். திரும்ப வரைவதா, அப்படியே விடுவதா, முறைப்பாடு போடுவதா? முறைப்பாடு போட்டால் யாருடைய பெயரில்? உங்கள் பெயரில் போடுவதுதான் சரி, கையெழுத்து வைக்கவும் பொலிஸ் கூப்பிட்டால் போகவும் நீங்கள் தயாராக இருக்கவேண்டும். கலந்த நிறங்களில் மிச்சத்தை இறுக மூடி, எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்று மூடியில் எழுதி வையுங்கள், அடுத்த மாரி முடிந்ததும் எப்படியும் தேவைப்படும்.