ஸ்லைடுக்கு முன் ஒரு வாக்கியம்

ஆசிரியப் பணியிலிருந்து பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு நிறுவனங்களில் ஊழியர்களுக்கான பயிற்சிப் பாடங்களை உருவாக்கும் பயிற்சி வடிவமைப்பாளராகச் சேர விரும்பும் நம் தமிழர்கள், நேர்காணலுக்கு அழகான ஸ்லைடுகளை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். பயிற்சி முடிந்தபின் ஊழியர் எதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அதைச் சோதிக்கும் வினாவை அடுத்து அமைத்து, பாடத்தைக் கடைசியாக எழுதிய சிறு மாதிரி ஒன்றைத் தயாரியுங்கள். ‘புரிந்துகொள்வார்’ என்பதை அளக்க முடியாது. ‘திரும்பி வந்த பொருளுக்குரிய தொகையைப் பிழையின்றிப் பதிவு செய்வார்’ என்பதை அருகிலிருந்தே சரிபார்க்கலாம். இத்துறையில் புகழ்பெற்ற, ‘ADDIE’ எனப்படும் ஐந்து படி முறை, 1975-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பலர் அவசரத்தில் தாண்டிவிடும் அதன் முதல் படியான பகுப்பாய்வில்தான், மாணவர் எங்கே தடுமாறுவார் என்று பல ஆண்டுகள் கண்டறிந்த உங்கள் வகுப்பறை அனுபவம் பெரிதும் கைகொடுக்கும்; அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.