மலாவி குழந்தைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் மாதாமாதம் உதவுவது எப்படி?

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு குழந்தையின் சாப்பாட்டுச் செலவையோ படிப்புச் செலவையோ ஏற்றுக்கொள்ள நினைப்பவர்கள் என்னிடம் எடுத்ததும் கேட்பது, "எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம்?" என்றுதான். அமைப்பைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: உங்கள் பணம் தொடக்கப்பள்ளிக்குப் போக வேண்டுமா, உயர்நிலைப்பள்ளிக்கா? இரண்டு இடத்திலும் பிள்ளைகள் படிப்பை விடும் காரணம் வேறு வேறு. பல நாள் இதையே நோண்டிக்கொண்டிருந்த பிறகு நான் வந்து நின்ற இடம் இது: தொடக்கப்பள்ளி என்றால் சாப்பாட்டுக்குக் கொடுங்கள், உயர்நிலைப்பள்ளி என்றால் படிப்புச் செலவுக்குக் கொடுங்கள். ஏன் என்று சொல்லிவிட்டு வழிமுறைக்குப் போகிறேன்.

படி 1: எங்கே கொடுப்பது என்று முடிவுசெய்யுங்கள்

மலாவி அரசு 1994இல் தொடக்கக் கல்வியைக் கட்டணமில்லாமல் ஆக்கியது. அந்த ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கிவிட்டது. அவ்வளவு பேருக்கு அறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கீழ் வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் ஒரே ஆசிரியரிடம் உட்கார்ந்திருப்பது இன்றும் சாதாரணம். மரத்தடி வகுப்புகளும் உண்டு. ஆனாலும் தொடக்கப்பள்ளியில், அதாவது ஸ்டாண்டர்ட் 1 முதல் 8 வரை, பள்ளிக்கு வர ஃபீஸ் தடையாக இல்லை. பசிதான் தடை.

அங்கே பெரும்பாலான குடும்பங்கள் மக்காச்சோளத்தை நம்பி வாழ்கின்றன. மழை வரும்போது, நவம்பர், டிசம்பர் வாக்கில் விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. அந்த ஒரு விளைச்சல்தான் ஆண்டு முழுதும் ஓட வேண்டும். ஜனவரி வந்தால் குதிர் காலி. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடே பாடு. பள்ளியின் இரண்டாம் பருவம் சரியாக அந்த மாதங்களில்தான் வருகிறது. வெறும் வயிற்றோடு கிலோமீட்டர் கணக்கில் நடந்து வரும் ஏழு வயதுப் பிள்ளையிடம் கணக்குப் போடச் சொல்வது எப்படி?

அதனால்தான் பள்ளியில் கொடுக்கும் ஒரு குவளைக் கஞ்சிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. பெயர் லிக்குனி பாலா. மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்து, சர்க்கரையும் வைட்டமின்களும் சேர்த்த மாவில் காய்ச்சுவது. பிள்ளைகளின் அம்மாக்களும் பாட்டிகளும் முறை வைத்துக்கொண்டு விடியும் முன்பே வந்து அடுப்பு மூட்டிவிடுவார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவான மரத்துடுப்பால் பெரிய அண்டாவைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடித்துவிடும். பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் குவளையோடு வரிசையில் நிற்பார்கள். சமைப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, அவர்கள் ஊர்க்காரர்கள். நாம் கொடுப்பது மாவுக்கும், அதைக் கொண்டுசேர்க்கும் வண்டிக்கும், கணக்குப் பார்க்கும் ஆட்களுக்கும்.

உயர்நிலைப்பள்ளி வேறு கதை. ஸ்டாண்டர்ட் 8 முடிவில் பொதுத்தேர்வு, அதில் தேறினாலும் அரசுப் பள்ளிகளில் இடம் குறைவு. இடம் கிடைத்துவிட்டால் அடுத்து செலவு. கட்டணத்தில் அரசு அவ்வப்போது சலுகை அறிவித்தாலும் சீருடை, நோட்டு, விடுதி என்று குடும்பத்தின் தலையில் விழுவது நிறைய. விடுதிப் பள்ளியில் சேர வருபவர்களிடம் கொடுக்கும் பட்டியலைப் பார்த்தால் புரியும்: போர்வை, வாளி, தட்டு, சோப்பு, இப்படிப் போகும். இந்த வாளிக்கும் போர்வைக்கும் வழியில்லாமல், உயர்நிலைப்பள்ளியின் முதல் வகுப்பான ஃபாம் 1இல் சேராமலேயே நின்றுவிடும் பெண் பிள்ளைகள் உண்டு. பள்ளி தூரமாக இருப்பதால் பக்கத்தில் அறை எடுத்துத் தாங்களே சமைத்துப் படிப்பவர்களும் உண்டு, அதில் இருக்கும் ஆபத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மலாவி 2017இல் அரசியல் சட்டத்தையே திருத்தித் திருமண வயதை 18 ஆக்கியது. ஆனால் படிப்பை விட்ட பெண்ணைக் கல்யாணத்திலிருந்து காப்பாற்ற சட்டம் மட்டும் போதாது, அவள் பள்ளியில் இருக்க வேண்டும்.

படி 2: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

சாப்பாட்டுக்கு என் முதல் தேர்வு மேரிஸ் மீல்ஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அமைப்பு. 2002இல் மலாவியில் பெரும் பஞ்சம் வந்தபோது 200 பிள்ளைகளோடு அங்கேதான் தொடங்கினார்கள். இப்போது பல நாடுகளில் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் ஒரு வேளை உணவு போகிறது. அதில் பெரும் பங்கு இன்றும் மலாவியில்தான். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்பதைத் தளத்தில் போட்டிருப்பார்கள். தொகை மாறிக்கொண்டே வரும், கொடுக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் 1999 முதல் மலாவியில் பள்ளி உணவு நடத்துகிறது. சில பள்ளிகளில் அந்தந்த ஊர் விவசாயிகளிடமே தானியமும் காயும் வாங்கிச் சமைக்கிறார்கள், அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். பணம் பிள்ளை வயிற்றுக்கும் போகிறது, அவன் அப்பாவின் வயலுக்கும் போகிறது. இவர்களுடைய 'ஷேர் தி மீல்' செயலி 2015இல் வந்தது. கைப்பேசியில் தட்டினால் போதும். பிறந்தநாள், நினைவுநாள் போன்ற நாட்களில் ஒரு தடவை கொடுக்க அருமையான வழி. மாதாமாதம் ஒரே நாட்டுக்கு, ஒரே வேலைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பெண் பிள்ளைகளின் உயர்நிலைப் படிப்புக்கு காம்ஃபெட். 1993இல் ஜிம்பாப்வேயில் தொடங்கியது, 2009 முதல் மலாவியில் இருக்கிறது. கட்டணத்தோடு நிற்காமல் சீருடை, காலணி, மாதவிடாய்க்கால நாப்கின் வரை பார்க்கிறார்கள். இவர்களிடம் உதவி பெற்றுப் படித்த பெண்களே திரும்பி வந்து பள்ளிகளில் அடுத்த பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறார்கள்.

படி 3: பதிவைச் சரிபாருங்கள்

பிரிட்டனில் பதிவான அமைப்பு என்றால் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு, இரண்டும் இணையத்தில் இலவசம். அமெரிக்க அமைப்பு என்றால் அது ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கான 990 படிவத்தைப் பாருங்கள். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், போன வருடம் என்ன சரிவரவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். சரிவராததை எழுதும் அமைப்பை நான் அதிகம் நம்புவேன்.

படி 4: ஒரு பிள்ளையா, ஒரு பள்ளியா?

ஒரு பிள்ளையின் படமும் பெயரும் வந்து, கடிதம் எழுதிக்கொள்ளும் முறை பலருக்குப் பிடிக்கும். அதில் நன்மை இல்லாமல் இல்லை. கென்யா, உகாண்டா உள்ளிட்ட ஆறு நாடுகளில், இந்த ஸ்பான்சர் முறையில் இயங்கும் கம்பேஷன் அமைப்பின் உதவி பெற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. உதவி பெற்ற பிள்ளைகள் சராசரியாக ஓராண்டுக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 1998இல் சிகாகோ ட்ரிப்யூன் செய்தியாளர்கள் தாங்களே ஸ்பான்சராகச் சேர்ந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாலி நாட்டில் ஒரு குழந்தை இறந்துபோன பிறகும் அவளுக்கான பணம் வாங்கப்பட்டுக்கொண்டே இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு இந்தத் துறையில் கண்காணிப்பு கூடியது. இன்று வேர்ல்ட் விஷன் போன்ற ஸ்பான்சர் அமைப்புகள், பணம் எல்லாம் சேர்ந்து அந்த வட்டாரத்துக்கே செலவாகிறது என்பதை வெளிப்படையாகவே எழுதுகின்றன. அதாவது படத்தில் இருக்கும் பிள்ளையின் கைக்கு உங்கள் காசு நேராகப் போவதில்லை. படிவத்தை நிரப்பும் முன் அந்தப் பத்தியைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

எனக்கு முழுப் பள்ளிக்கும் போகும் முறைதான் மனசுக்கு ஒப்புகிறது. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புதுக் காலணி, பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கஞ்சி என்றால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும்.

படி 5: பணம் அனுப்புவது

அமைப்பு வழியாக என்றால் மாதத் தொகையை வங்கிக் கணக்கிலிருந்தே தானாகப் போகும்படி வையுங்கள். கார்டு வேண்டாம். கார்டு காலாவதியானால் கொடை சத்தமில்லாமல் நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். படிவத்தில் 'தேவை அதிகமுள்ள இடத்துக்கு' என்ற கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும். மலாவிக்கு மட்டும் என்றால் அதை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றாமல் விடுவதும் நல்லதே. ஒரு நாட்டில் வெள்ளமோ பஞ்சமோ வந்தால் அவர்கள் உடனே பணத்தைத் திருப்பிவிட முடியும். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தென் மலாவியை அடித்துப் போட்டபோது பள்ளிகளே அகதி முகாம்களாகின.

பிரிட்டனில் வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எய்டு கட்டத்தை டிக் செய்யுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும்.

இனி, அறிமுகமான ஒரு பள்ளிக்கு நேரடியாகக் கட்டணம் கட்டுபவர்களுக்கு. இந்த இடத்தில்தான் நானும் நிறைய நேரம் சிக்கிக்கொண்டேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மலாவியின் பணம் குவாச்சா. 2023 நவம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி அதன் மதிப்பை ஒரேயடியாகக் குறைத்தது, டாலரின் விலை 44 சதவீதம் ஏறிச் சுமார் 1,700 குவாச்சாவானது. அதன் பிறகு வங்கி விகிதம் பெரிதாக நகரவில்லை. ஆனால் நாட்டில் டாலர் தட்டுப்பாடு, வங்கிக்கு வெளியே நடக்கும் வெளிச்சந்தையில் டாலரின் விலை வங்கி விலையைவிட மிக அதிகமாக ஏறியது. இதில் நமக்கு என்ன? நீங்கள் அனுப்பும் டாலர் வங்கி விகிதத்தில் குவாச்சாவாக மாறும். கடையில் சோப்பும் போர்வையும் நோட்டும் ஏறிப்போன விலையில் விற்கும், ஏனென்றால் அவற்றில் பல இறக்குமதி. போன வருடம் தாராளமாகப் போதுமாக இருந்த அதே டாலர், இந்த வருடம் விடுதிக் கட்டணத்தோடு தீர்ந்துவிடும், பொருள்களுக்கு மிஞ்சாது.

ஆகவே, இப்படிச் செய்யுங்கள். டாலரில் ஒரு தொகையை முடிவுசெய்துவிட்டு அதையே அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்னும் பள்ளியிடமிருந்து குவாச்சாவில் பில் வாங்குங்கள், பொருள் பட்டியலையும் சேர்த்து. அன்றைய வங்கி விகிதத்தில் மாற்றிப் பாருங்கள், மாற்றும் கட்டணத்தையும் கூட்டுங்கள். பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், தனியாள் கணக்கு வேண்டாம். ரசீதில் பிள்ளையின் பெயர், ஃபாம், பருவம் மூன்றும் இருக்க வேண்டும். நான் ஒரு சாதாரண விரிதாளில் பருவம், குவாச்சா, அன்றைய விகிதம், ரசீது எண் என்று நான்கே பத்திகள் வைத்திருக்கிறேன். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை.

வெளிச்சந்தையில் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், மாட்டிக்கொள்ளப்போவது அங்கே இருக்கும் அந்த ஊர்க்காரர்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் கேட்டதால் பிறகு சேர்த்தவை

"நேரடியாகப் பரிசுப் பொருள் பார்சல் அனுப்பலாமா?" வேண்டாம். சுங்கத்தில் அந்தக் குடும்பம் கட்ட வேண்டியிருக்கும் பணம் பொருளின் விலையைத் தாண்டலாம். அங்கேயே வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம்.

"பிள்ளையை ஃபேஸ்புக்கில் தேடிப் பேசலாமா?" கூடாது. நல்ல அமைப்புகள் எல்லாக் கடிதங்களையும் தாங்கள் பார்த்துதான் கொடுக்கும். அது பிள்ளையின் பாதுகாப்புக்காக. பள்ளியின் பெயரோடு பிள்ளையின் படத்தை உங்கள் பக்கத்தில் போடுவதும் வேண்டாம்.

"ஆண்டுத் தொகையை எப்போது கொடுத்தால் நல்லது?" சாப்பாட்டுக்கு என்றால் அறுவடை முடிந்த கையோடு, மே, ஜூனில். மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கும் நேரம் அது, அமைப்புகள் மொத்தமாக வாங்கிச் சேமிப்பதும் அப்போதுதான். உயர்நிலைப் படிப்புக்கு என்றால் புதுக் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, ஆகஸ்டுக்குள் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஃபாம் 1இல் சேர்வதற்குக் கொடுக்கும் கெடு குறுகியது. அது தாண்டினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.