பழைய ரேடியோ, இசைத்தட்டோடு ஒரு மதியம்

நாலு பேரைக் கூட்டிவைத்துப் பழைய பாட்டு கேட்கப் போகிறீர்களா? பல வருஷம் பரணில் கிடந்த வால்வு ரேடியோவை (உள்ளே கண்ணாடிக் குழாய்கள் இருக்கிற பழைய ரகம்) எடுத்த வேகத்தில் பிளக்கில் சொருகாதீர்கள், உள்ளே மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) கெட்டுப்போயிருந்தால் கரண்ட் பாய்ந்ததும் வெடிக்கக்கூட செய்யும், தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். மீடியம் வேவில் கரகரப்பா? பக்கத்து எல்இடி பல்பையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.

சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தால் இன்னும் அருமை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான், அப்புறம் தட்டைத் திருப்புகிற இடைவெளியில் ஒரு விடுகதையோ ஊமை நாடகமோ நுழைத்துவிடலாம். எஃகு ஊசியை மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றிவிடுங்கள், தேய்ந்த முனை தட்டின் பள்ளத்தையே அரித்துவிடும்.