தமிழ் வாசிப்பு கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் துணை

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கன்னடமும் சுமையாகிவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழ் வாசிப்பை நிறுத்துவது தேவையற்றது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்புத் திறன் மற்றொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதைக் கனடாவின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்தால், இலைக்கு வெயில் எதற்கு என்பதை முதலில் தமிழில் பேசி, பிள்ளையையே திரும்பச் சொல்ல வைத்து, இரண்டு மூன்று வரிகள் எழுதச் செய்த பிறகு ஆங்கிலப் பாடநூலைத் திறவுங்கள். பொருள் முன்பே விளங்கியிருப்பதால் புதிய சொற்கள் மட்டுமே மிஞ்சும். கன்னடத்தின் வாக்கிய அமைப்பு தமிழை ஒத்தது. தமிழின் ஒரு ககரத்துக்கு அங்கே நான்கு எழுத்துகள் இருப்பதால், இத்தகைய எழுத்துகளுக்கு மட்டும் பேருந்துப் பலகைகளை உரக்கப் படிக்கச் செய்து பயிற்சி கொடுங்கள்.