டில்லரை விடாமல் ரேடியோவில் பேச: காக்பிட்டில் ரிமோட் மைக் பொருத்துவது எப்படி?

சிறிய பாய்மரப் படகுகளில் வி.எச்.எஃப். ரேடியோ (படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் கருவி) பெரும்பாலும் கேபினுக்குள்தான் இருக்கும். நனையாமல் இருக்க அதுதான் நல்ல இடம். ஆனால் தனியாகப் படகு ஓட்டுபவருக்கு அதுவே தொல்லை. இங்கிலாந்தின் தென்கரையில் சோலென்ட் நீரிணையை எடுத்துக்கொள்ளுங்கள். சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல் ஒன்று பின்னால் வரும்போது, டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை, விட்டுக் கீழே இறங்கிப் பேசிவிட்டு வர முடியாது. எஞ்சின் ஓடினால் உள்ளே ரேடியோவில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

கையடக்க ரேடியோ போதாதா என்று கேட்கலாம். அது 5, 6 வாட்; கேபினில் இருப்பது 25 வாட். ஆனால் வாட்டைவிட ஆன்டெனாவின் உயரம்தான் முக்கியம். பாய்மரத்தின் உச்சியில், 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் ஏறத்தாழ 15 கடல்மைல் வரை பேசிக்கொள்ளலாம். காக்பிட்டில் (படகோட்டி உட்காரும் திறந்த பகுதி) உட்கார்ந்து கையடக்க ரேடியோவில் பேசும் இருவருக்கு 5 கடல்மைலைத் தாண்டுவதே கஷ்டம். ரிமோட் மைக் என்பது கேபின் ரேடியோவோடு இணையும் இன்னொரு மைக். அது இருந்தால் அந்த உச்சி ஆன்டெனாவும் 25 வாட்டும் டில்லர் பக்கத்துக்கே வந்துவிடும். சேனல் மாற்றுவது, ஒலியைக் கூட்டுவது எல்லாம் அதிலேயே செய்யலாம். பல மாடல்களில் அபாய அழைப்புப் பொத்தானும் உண்டு.

1. உங்கள் ரேடியோ ஏற்குமா?

எல்லா ரேடியோவும் ஏற்காது. ரேடியோவின் கையேட்டில் துணைக்கருவிகள் பக்கத்தைப் பாருங்கள். ரிமோட் மைக்கை ஐகாம் நிறுவனம் கமாண்ட்மைக் என்கிறது, ஸ்டாண்டர்ட் ஹொரைசன் நிறுவனம் ராம் மைக் என்கிறது. ஒன்றின் மைக் மற்றதில் வேலை செய்யாது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். கம்பியில்லா மைக்கும் கிடைக்கிறது. ஆனால் சார்ஜ் போட மறந்தால் அது வெறும் டப்பா. முதல்முறை பொருத்துபவர்கள் கம்பியுள்ளதையே வாங்குங்கள்.

2. இடம் பார்ப்பது

இந்த வேலையில் பாதி இதுதான். அவசரம் வேண்டாம். டில்லரைப் பிடித்தபடி உட்கார்ந்து, கையை நீட்டி எட்டுகிற இடங்களை ஒட்டுநாடாவால் குறியுங்கள். பாய்க் கயிறு வந்து சிக்கும் இடம், கால் இடிக்கும் இடம், தண்ணீர் தேங்கும் இடம் எல்லாம் கழித்துவிட்டால் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். காக்பிட்டின் முன்சுவரும், இருக்கைக்குக் கீழே உள்ள பக்கச்சுவரின் மேல்பகுதியும் பொதுவாக நல்ல இடங்கள்.

அடுத்தது திசைகாட்டி. மைக்குக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது, ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. மைக்கை நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டு திசைகாட்டியைப் பாருங்கள். முள் கொஞ்சம் அசைந்தாலும் அந்த இடம் வேண்டாம். ஒரு மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. பலர் மறப்பது டில்லர் பைலட்டை. டில்லரில் மாட்டி, படகைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் இந்தச் சிறிய தானியங்கிகள் பலவற்றில் திசைகாட்டி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் மைக்கைத் தொங்கவிட்டால் படகு தவறான திசையில் போகும், காரணமும் எளிதில் பிடிபடாது.

கடைசியாக, சுவரின் மறுபக்கத்தைப் போய்ப் பாருங்கள். எரிபொருள் தொட்டி, எஞ்சின் புகைக்குழாய், வேறு வயர்கள் இருந்தால் நகருங்கள்.

3. வயரை அளப்பது

ஐகாம் எச்.எம்-195 மைக்கோடு 6 மீட்டர் வயர் வருகிறது. நீட்டிப்பு வயரும் தனியாக வாங்கலாம். ஒரு நூலை, வயர் போகப்போகும் வழியிலேயே வளைத்து வளைத்துப் போட்டு அளந்துபாருங்கள். நேர்கோட்டில் அளந்தால் நிச்சயம் குறையும்.

4. ஓட்டை போடுவது

மைக்கின் பிளக்கைச் செருகும் சாக்கெட்டைச் சுவரில் பதிக்க வேண்டும். அதோடு ஓட்டையின் அளவைக் காட்டும் அச்சுத்தாள் வந்திருந்தால் அதை ஒட்டுங்கள். இல்லையென்றால் சாக்கெட்டை அளந்து அதற்கேற்ற ஹோல் சா (வட்டமாக அறுக்கும் துளைக்கருவி முனை) எடுங்கள். முதலில் நடுவில் சின்ன ஓட்டை. அப்புறம் ஹோல் சாவைத் தலைகீழாகச் சுற்றவிட்டு மேல்பூச்சை மட்டும் தேய்த்தெடுங்கள். நேராகச் சுற்றினால் ஜெல்கோட் எனும் அந்தப் பூச்சு தெறித்துவிடும். பூச்சு போனதும் வழக்கமான திசையில், மெதுவாக.

வெளியே வந்த வட்டத் துண்டை உற்றுப் பாருங்கள். முழுக்க ஃபைபர்கிளாஸ் என்றால் கவலையில்லை. நடுவில் மரம் தெரிந்தால் அது பெரும்பாலும் பல்சா எனும் இலேசான மரம். ஒரு துளி தண்ணீர் உள்ளே போனாலும் ஊறி, வருடக்கணக்கில் பரவி, சுவரே மெத்தென்று ஆகிவிடும். ஓட்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பல்சாவைச் சுரண்டி எடுங்கள். கெட்டியாகக் குழைத்த எபாக்ஸி பசையை அந்த இடைவெளியில் அடைத்து, நன்றாக இறுகியபின் மறுபடி அறுங்கள். குளிரில் எபாக்ஸி இறுக நேரமாகும், தொட்டுப் பார்த்து அவசரப்படாதீர்கள். ஒரு நாள் கூடுதலாகும், ஆனாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

சாக்கெட்டின் விளிம்புக்கு அடியில் பியூட்டில் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டுப்பட்டை) வைத்து, திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சிலிக்கோன் வேண்டாம். அதன் படலம் போகவே போகாது, பிறகு வேறெதுவும் அங்கே ஒட்டாது.

5. வயரை இழுத்து இணைப்பது

ரேடியோவின் மின்சாரத்தை பிரேக்கரில் நிறுத்துங்கள். வயர் தடிமனாக இருக்கிறதே என்று பிளக்கை வெட்டாதீர்கள். உள்ளே பல மெல்லிய கம்பிகள், திரும்பச் சேர்ப்பது கடற்காற்றில் நிலைக்காது. பிளக் நுழையும் அளவுக்கு வழியைப் பெரிதாக்குவதே மேல். ஆன்டெனா வயரோடு இணையாக ஓடவிடாதீர்கள், குறுக்கே கடப்பது பரவாயில்லை. சாக்கெட்டின் பின்புறமும் ரேடியோவுக்குப் பின்னாலும் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலேற்றுங்கள். கசிந்த தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

6. சோதனை

1 வாட்டில் தொடங்குங்கள். சோதனைக்காக, அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலை அடைக்க வேண்டாம்; பிரிட்டனில் கரையோரக் கண்காணிப்புத் தன்னார்வ அமைப்பான நேஷனல் கோஸ்ட்வாட்ச் இன்ஸ்டிட்யூஷனின் நிலையங்கள் 65ஆம் சேனலில் ரேடியோ சோதனைக்குப் பதில் சொல்கின்றன. சிவப்பு அபாய அழைப்புப் பொத்தானைச் சும்மாகூட அழுத்தாதீர்கள். பேசுவதற்குச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் 25 வாட்டில் பேசும்போது டில்லர் பைலட்டைக் கவனியுங்கள். படகு திடீரெனத் திரும்பினால் ரேடியோ, டில்லர் பைலட் இரண்டின் வயர்களும் நெருக்கமாக இருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

மைக்கை இருக்கைமேல் போட்டுவைக்காமல் கொக்கியில் மாட்டுங்கள். மெத்தைக்கு அடியில் சிக்கிப் பேசும் பொத்தான் அழுந்திவிட்டால், உங்களுக்குத் தெரியாமலே மொத்தச் சேனலையும் அடைத்துக்கொண்டிருப்பீர்கள். படகை விட்டுக் கிளம்பும்போது மைக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி உள்ளே வைத்துவிட்டு, சாக்கெட்டின் மூடியைப் போடுங்கள்.