முன்பணம் இல்லாத கிராமப்புற வீட்டுக் கடன்: கணக்கு எங்கே தப்புகிறது?

அமெரிக்காவில் அரசின் ஆதரவோடு, கையிலிருந்து முன்பணம் போடாமல் வீடு வாங்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று படைவீரர்களுக்கானது. இன்னொன்று வேளாண் துறையான யுஎஸ்டிஏ உத்தரவாதம் தரும் கிராமப்புற வீட்டுக் கடன். 'நான் என்ன விவசாயியா?' என்று இதைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் ஏராளம். விவசாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால், வருமானம் தரும் பண்ணையை இந்தக் கடனில் வாங்கவே முடியாது.

அடுத்த தவறு, 'எங்கள் கவுன்டியே (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிராமம்தான்' என்று நம்பிக் கிளம்புவது. தகுதி பார்ப்பது முகவரியை வைத்து. வயல்கள் சூழ்ந்த கவுன்டியிலும் நடுவில் இருக்கும் பெரிய ஊர் யுஎஸ்டிஏ வைத்திருக்கும் கிராமப்புற வரைபடத்துக்கு வெளியே போயிருக்கலாம். பெருநகரத்தை ஒட்டிய சில புறநகர்கள் உள்ளே இருக்கலாம். யுஎஸ்டிஏ தளத்தில் வீட்டு முகவரியைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீடு பிடித்துப்போன பிறகு பார்க்காமல், பிடிப்பதற்கு முன்பே பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது வருமானத்தில். மனைவியின் கிரெடிட் ஸ்கோர் சரியில்லை, கடனைக் கணவர் பெயரில் மட்டும் போடுவோம், அப்போது மனைவியின் சம்பளம் கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். வரும். கடனில் கையெழுத்துப் போடாவிட்டாலும், அந்த வீட்டில் வசிக்கப்போகும் பெரியவர்கள் எல்லாருடைய வருமானமும் தகுதிக் கணக்கில் சேரும். 2025-இல் பல கவுன்டிகளில் நான்கு பேர் வரையிலான குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,19,850 டாலர். கணவருக்கு 85,000, மனைவிக்கு 38,000, இரண்டு குழந்தைகள் என்று வையுங்கள். மொத்தம் 1,23,000. 'போச்சு' என்று இங்கேயே விட்டுவிடுவது இன்னொரு தவறு. வேலைக்குப் போவதற்காகப் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளின் பராமரிப்புக்குக் கட்டும் பணத்தைக் கழிக்கலாம். டேகேருக்கு வருடம் 9,000 போகிறது என்றால் கணக்கு 1,14,000-க்கு இறங்கிவிடும். மாமியாரும் நிரந்தரமாகக் கூடவே இருந்தால் ஆள் ஐந்து; அப்போது வரம்பே 1,58,250-க்கு ஏறும். (மாமியாரால் வந்த நன்மை என்று யாராவது எழுதி வைக்கட்டும்.)

ஆனால் கடனை அடைக்கும் திறனைப் பார்க்கும்போது கையெழுத்துப் போட்டவரின் வருமானம் மட்டும்தான். மேலே சொன்ன வீட்டில் அது 85,000, அதாவது மாதம் சுமார் 7,080 டாலர். வழக்கமான அளவுகோல்படி வீட்டுத் தவணை, வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து அதில் 29 சதவீதத்துக்குள்ளும், கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து 41 சதவீதத்துக்குள்ளும் நிற்க வேண்டும். ஆக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு வருமானக் கணக்கு. ஒன்று கூடிப்போகக் கூடாது, மற்றது குறைந்துவிடக் கூடாது. விண்ணப்பித்த பிறகு கடனில் புது கார் எடுத்து இந்த 41-ஐத் தாண்டுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம் விசா. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடையாது. குடியுரிமை, கிரீன் கார்டு போன்ற தகுதி வேண்டும். 'அப்படியானால் எஃப்எச்ஏ கடனுக்குப் போ' (குறைந்த முன்பணத்தில் கிடைக்கும் இன்னொரு அரசு ஆதரவுக் கடன்) என்ற பழைய அறிவுரையும் இப்போது செல்லாது. 2025 மே 25 முதல் அங்கேயும் நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்களுக்குக் கதவு அடைத்தாகிவிட்டது. அவர்களுக்கு மிச்சம் இருப்பது அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வங்கிக் கடன்தான்.

'அரசு உத்தரவாதம்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு அல்ல. அதற்கான கட்டணத்தையும் நாம்தான் கட்டுகிறோம். தொடக்கத்தில் கடனில் 1 சதவீதம், பிறகு வருடாவருடம் மீதிக் கடனில் 0.35 சதவீதம். 2,00,000 டாலர் கடனுக்கு முதலில் 2,000. அப்புறம் மாதம் ஏறக்குறைய 58. தொடக்கக் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

அதேபோல வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்ததையே வீட்டுப் பரிசோதனை என்று எண்ணிவிடாதீர்கள். நகராட்சிக் குழாயும் சாக்கடை இணைப்பும் இல்லாத ஊர்களில் கிணற்றுத் தண்ணீரும் செப்டிக் தொட்டியும்தான் வீட்டின் உயிர். தனியாக ஆள் வைத்துத் தொட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேதி விஷயத்திலும் அவசரம் வேண்டாம். வங்கி ஒப்புதல் தந்த பிறகும் கோப்பு யுஎஸ்டிஏ அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்காரரிடம் நோட்டீஸ் கொடுப்பது அது திரும்பி வந்த பிறகு இருக்கட்டும்.