மணல் தொட்டியில் புதையல் வேட்டை வேண்டாம்: பள்ளித் தொல்லியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழடி பற்றிப் பேச்சு எழுந்ததிலிருந்து தொல்லியலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் ஆர்வம் ஆசிரியர்களிடம் கூடியிருக்கிறது. மிக நல்ல விஷயம். ஆனால் அதைச் செய்யும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

அதில் முக்கியமானது மணல் தொட்டி. பெரிய தொட்டியில் மணலைக் கொட்டி, பழைய காசு, பாசிமணி, பானை ஓடு எல்லாவற்றையும் புதைத்துவிட்டு "தோண்டுங்க" என்று விடுவது. பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் வாரி எடுத்துவிடுவார்கள். யாருக்கு அதிகம் கிடைத்தது என்ற போட்டிதான் மிஞ்சும். அகழாய்வில் ஒரு பொருள் எந்த மண்ணில், எதன் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதுதான் விஷயமே. அது தெரியாவிட்டால் பொருள் கையில் இருந்தும் பாதிக்கு மேல் இழந்துவிட்டோம்.

அதனால் தொட்டியில் செம்மண், சாம்பல் கலந்த மண், ஆற்று மணல் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். மேலடுக்கில் பிளாஸ்டிக் பொத்தான், அடியில் சுடுமண் மணி. மேலே நூல் கட்டி நான்கு கட்டமாகப் பிரியுங்கள். எது தென்பட்டாலும் கையில் எடுக்கும் முன் கட்டம், ஆழம், மண்ணின் நிறம் மூன்றையும் எழுதிப் படம் வரைய வேண்டும். அப்புறம் அந்த நோட்டை, தோண்டியதைப் பார்க்காத இன்னொரு குழுவிடம் கொடுத்து, எது முந்தையது என்று கேளுங்கள். குறிப்பு சரியில்லையென்றால் அவர்களால் சொல்லவே முடியாது. ஏன் எழுத வேண்டும் என்பது அப்போது தானாகவே புரியும். இதற்கு ஒரு பீரியட் போதாது, இரண்டைச் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்த தவறு, ஊர் மேட்டிலிருந்து உண்மையான ஓடுகளைப் பொறுக்கி வரச் சொல்வது. ஆசை நல்லதுதான், ஆனால் அந்த இடத்தின் தடயம் அழிகிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போட்டோவும் இடக்குறிப்பும் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லப் பழக்குங்கள். வகுப்புக்குக் குயவரிடம் வாங்கிய புதுப் பானையை உடைத்துக்கொள்ளலாம். விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். ஒட்டக் கொடுக்கும்போது சில துண்டுகளை ஒளித்துவையுங்கள். முழுப் பானை அகழாய்வில் எப்போதாவதுதான் கிடைக்கும். மீதி வளைவை வைத்து வாயின் அகலத்தை ஊகிப்பதுதான் பயிற்சி.

எதைக் கண்டாலும் "சங்க காலம்" என்று சொல்லிவிடும் பழக்கமும் இருக்கிறது. கீழடிக்குச் சொல்லப்படும் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன், அதாவது கி.மு.) 580 என்ற காலம், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியைச் சோதித்து வந்தது. கரிமச் சோதனை கரி, எலும்பு, தானியம் போன்ற உயிர்ப்பொருளுக்குத்தான். ஓட்டின் காலத்தை அதே அடுக்கில் கிடைத்த கரியைக் கொண்டு கணிக்கிறார்கள். "எப்படித் தெரியும், சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பு வென்றது.

தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியை அட்டவணையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். உடைந்த ஓட்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறட்டும். கீழடி ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்களும் இப்படிக் கீறப்பட்டவைதான். பெயர் எழுதியது அரசன் மட்டுமல்ல என்று கைவழியே தெரிந்துகொள்வார்கள்.

கல்வெட்டு பார்க்கப் போனால் சாக்பீஸ், எண்ணெய், பெயிண்ட் எதுவும் படக் கூடாது. சாயும் வெயிலில், இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும்.

அருங்காட்சியகத்துக்குச் சும்மா வரிசையில் நடத்திப் போவதும் வீண். ஆளுக்கொரு கேள்வியோடு அனுப்புங்கள். 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் ஒருவர் விளையாட்டுக் காய்களை மட்டும் தேடலாம், இன்னொருவர் நூல் நூற்கும் தக்களியை.